பாட்டு ஃபைல எதுல வெச்சுக்கலாம், எம்பி3 128ஆ 320ஆ, இல்ல ஓபஸா?

சிடில பாட்டு செகண்டுக்கு 1411 கிலோபிட், அதையே எம்பி3ல 128 கிலோபிட்டா போட்டா சைஸ் பதினோரு மடங்கு கம்மி, நிமிஷத்துக்கு ஒரு எம்பி தான் வரும். ஆனா ஜால்ரா, கைத்தட்டல் வர்ற இடத்துல ஹெட்ஃபோன் போட்டு கேளுங்க, தண்ணிக்குள்ள வாசிக்கற மாதிரி ஒரு சலசலப்பு இருக்கும், பிட் பத்தாம என்கோடர், அதாவது பாட்ட சுருக்கற சாஃப்ட்வேர், திணறுறது அது. 320ல போட்டா நிமிஷத்துக்கு 2.4 எம்பி, என் காதுக்கு ஒரிஜினல் எது இது எதுன்னு தெரியல, உண்மைய சொல்றேன்.

ஓபஸ் தான் என் சாய்ஸ், 2012ல ஸ்டாண்டர்ட் ஆன ஃபார்மட், 128லயே பிரமாதமா இருக்கு, வெறும் பேச்சுன்னா 32 கூட போதும், பழைய கார் ஸ்டீரியோல தான் பாடாது. ஃப்ளாக்னு இன்னொரு ஃபார்மட், அதுல சுருக்கினாலும் எதுவுமே தொலையாது, ஆனா சைஸ் பெருசு, பத்திரமா எடுத்து வைக்க மட்டும் ஓகே.

அப்புறம் இந்த 128 ஃபைல 320ஆ மாத்தி "ஹெச்டி"ன்னு ஏத்தறாங்களே, சைஸ் தான் ஏறும், போன சத்தம் போனது தான்.