புது எண்ணெய் காட்டும் முடிவை மட்டும் நம்பாதீர்கள்

பெட்ரோலியத்திலிருந்து வரும் கனிம எண்ணெய்க்குப் பதிலாக, மக்கும் தாவர எண்ணெயை இயந்திரங்களுக்கு மசகாகப் போடலாமா என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். மசகு எண்ணெய் சோதனைக்கூடத்தில் வேலை செய்பவர்களுக்கு ஃபோர் பால் டெஸ்டர் நன்றாகப் பழகிய இயந்திரம். 12.7 மி.மீ. விட்டமுள்ள மூன்று எஃகுக் குண்டுகளைக் கிண்ணத்தில் அசையாமல் இறுக்கி, எண்ணெயை ஊற்றி, நான்காவது குண்டை மேலிருந்து அழுத்தியபடி சுழற்றுவோம். 40 கிலோ சுமை, நிமிடத்துக்கு 1200 சுற்று, 75 டிகிரி செல்சியஸ், ஒரு மணி நேரம் என்பது வழக்கமான அளவு. முடிந்ததும் கீழ்க் குண்டுகளில் விழுந்த தேய்மான வடுவை மைக்ரோஸ்கோப்பில் அளப்போம்.

தாவர எண்ணெயை முதன்முறை ஊற்றிப் பார்ப்பவர்கள் அசந்துபோவார்கள். வரைபடத்தில் உராய்வைக் காட்டும் கோடு கனிம எண்ணெயைவிடக் கீழே ஓடும். அதன் மூலக்கூறின் ஒரு முனை உலோகத்தை ஒட்டிப் பிடிக்கும், நீண்ட வால் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். அந்த அடுக்கு இரண்டு பரப்புகளையும் நேராக உரசவிடாது. சூடேறும்போது இளகிப்போவதும் கனிம எண்ணெயைவிடக் குறைவு.

ஆனால் உராய்வு வேறு, தேய்மானம் வேறு. உராய்வுக் கோடு அழகாக இருக்க, வடு பெரிதாக வந்த மாதிரிகளை நான் நிறையவே பார்த்திருக்கிறேன். எண்ணெயில் சிறிதளவு கலக்கும் பொருள்களைச் சேர்க்கைகள் என்போம். துத்தநாகமும் பாஸ்பரசும் கலந்த பழைய சேர்க்கைகள் உலோகத்தின் மேல் ஒரு காப்புப் படலம் போடும். சுற்றுச்சூழலுக்காக அவற்றை நீக்கினால், அந்த வேலையைச் செய்ய வேறொன்று வேண்டுமே.

இதைவிடப் பெரிய சிக்கல் எண்ணெயின் வயது. கொழுப்பு அமிலச் சங்கிலியில் இரண்டு இரட்டைப் பிணைப்புகளுக்கு நடுவே இருக்கும் ஹைட்ரஜன் எளிதில் கழன்றுவிடும். ஆக்சிஜன் அங்கேதான் முதலில் தாக்கும். அப்புறம் அமிலம் கூடும், எண்ணெய் தடிக்கும், பிசின் படியும். அதனால்தான் ஒரே ஒரு இரட்டைப் பிணைப்புள்ள ஒலியிக் அமிலம் மிகுந்த எண்ணெய்களைத் தேடுகிறோம். எனவே புது எண்ணெயின் முடிவை மட்டும் வைத்து யாருக்கும் பரிந்துரை எழுத நான் சம்மதிப்பதில்லை. தண்ணீரும் இரும்பு, செம்புக் கம்பியும் சேர்த்து, 95 டிகிரியில் ஆக்சிஜனைச் செலுத்தி எண்ணெயை முதுமையாக்க வேண்டும். பிறகு அதே நான்கு குண்டுச் சோதனையை மறுபடி ஓட்ட வேண்டும். காலம் பிடிக்கும்தான், அவசரப்படுத்துவார்கள்தான். ஆனால் தொழிற்சாலையின் கியர்பாக்ஸில் ஓடப்போவது பெரும்பாலும் பழசான எண்ணெய்.

‘மக்கும்’ என்ற சொல்லுக்கும் அளவு உண்டு. மக்கும் தன்மையை அளக்கும் ஓஇசிடி 301பி என்ற சர்வதேசச் சோதனையில் நுண்ணுயிரிகள் 28 நாளுக்குள் 60 சதவீதமாவது சிதைத்திருக்க வேண்டும். அடிப்படை எண்ணெய் மட்டும் தேறினால் எனக்குப் போதாது. சேர்க்கைகளும் கலந்த முழு எண்ணெயின் முடிவையும், அது நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சா என்பதையும் கேட்டு வாங்குவேன்.

கனிம எண்ணெயிலிருந்து மக்கும் எண்ணெய்க்கு எங்கே முதலில் மாற்றலாம் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது சங்கிலி ரம்பம், ரயில் தண்டவாள வளைவு, அணை மதகு போன்ற இடங்களை. அங்கே ஊற்றும் எண்ணெய் திரும்பி வருவதில்லை, நேராக மண்ணுக்கும் நீருக்கும் போகிறது. முதுமையடையவும் அதற்கு நேரம் கிடைப்பதில்லை. நாள் முழுக்கச் சூட்டில் சுற்றிவரும் ஹைட்ராலிக் அமைப்புக்குச் சாதாரணத் தாவர எண்ணெயைச் சொல்ல மாட்டேன். அதற்குச் செறிவுற்ற, அதாவது இரட்டைப் பிணைப்பு இல்லாத, செயற்கை எஸ்டர் எண்ணெய்தான் சரி, விலை கூடினாலும். மாற்றுவதற்கு முன், கசிவைத் தடுக்கும் சீல் ரப்பர் அந்த எஸ்டரில் எவ்வளவு உப்புகிறது என்பதையும் பார்த்துவிட வேண்டும்.