வண்டு நின்றுபோனால்

புதுக் கதை ஏறக்குறைய முடிந்துவிட்டது. மலேசியாவில், குளுவாங் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் நடக்கும் திரில்லர், அறிவியல் புனைவும் கலந்தது. எப்போதும் தோட்டத்தையே எழுதுகிறீர்களே, விண்வெளி, ரோபோ என்று எழுதக்கூடாதா என்று சிலர் கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு.

கதைத் தோட்டத்தில் நிற்பது செம்பனை, பாமாயில் தரும் ஆப்பிரிக்க மரம். இங்கே வணிகத்துக்காக முதலில் நட்டது 1917இல், தென்னமாராம் தோட்டத்தில். மரம் வந்தது, அதன் பூவில் மகரந்தம் சேர்க்கும் வண்டு அதோடு சேர்ந்து வரவில்லை. காய் சரியாகப் பிடிக்காத இடங்களில் ஆள் வைத்துச் செய்தார்கள். மகரந்தத்தை டால்க் மாவில் கலந்து, முள்ளுக்கு நடுவே கையை நீட்டி, பெண் பூ ஒவ்வொன்றிலும் தூவ வேண்டும். எங்கள் வீட்டு வரிசையில் இருக்கும் பெரியம்மா ஒருவர் அந்த வேலை செய்தவர். "மாவு தலை, புருவமெல்லாம் ஒட்டிக்கும்மா, வீட்டுக்கு வந்தா என் பிள்ளையே என்னைப் பார்த்து அழும்" என்றார். கதையின் முதல் காட்சி அதுதான்.

1981இல் கேமரூனிலிருந்து கொண்டுவந்த சின்ன மூக்குவண்டைத் திறந்துவிட்டார்கள், அதுவும் நம்ம குளுவாங் மாமோர் தோட்டத்தில். அது பரவியதும் கையால் தூவும் வேலை ஓய்ந்தது. இந்த வண்டு வாழ்வதும் முட்டையிடுவதும் ஆண் பூவில். பெண் பூவில் அதற்கு ஒன்றுமே கிடையாது, ஆனால் அதிலும் அதே சோம்பு வாசம் வரும், வண்டு ஏமாந்து போய் உட்காரும், உடம்பில் ஒட்டிய மகரந்தம் அங்கே உதிரும். இந்த நாட்டின் இத்தனை பெரிய எண்ணெய்த் தொழில் ஒரு பூவின் ஏமாற்று வேலையில் நிற்கிறது! இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

நான் கதை செய்வது இப்படித்தான். நிஜத்தை அப்படியே வைத்துக்கொண்டு ஒன்றை மட்டும் மாற்றுவேன். இதில் வாசம் நின்றுவிடுகிறது, அவ்வளவுதான். ஆலையில் குலை தரம் பார்க்கும் பெண்தான் முதலில் கண்டுபிடிக்கிறாள், குலை பெரிதாக இருக்கிறது, உள்ளே பழம் பிடிக்கவில்லை. ஒரு நிரையில் ஆரம்பித்து நாலு தோட்டத்துக்குப் போய்விடுகிறது. அப்புறம்தான் தெரிகிறது, யாரோ ஒருவர் முன்கூட்டியே மகரந்தத்தை உறைபெட்டிகளில் சேர்த்து வைத்திருக்கிறார் என்று. காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடும்போது பதில் வராமல் போகும் முதல் ஆள் அந்த உறைபெட்டியைப் பார்த்தவன். மீதியைச் சொல்ல மாட்டேன்.

தோட்டத்து ஆளுக்கு இந்த உலகம் உள்ளங்கை மாதிரி தெரியும், அதனால்தான் அங்கே ஒன்று பிசகினால் உடனே வயிறு கலங்கும். ரோபோவை வைத்து அந்தப் பயத்தை என்னால் கொண்டுவர முடியாது. மற்றவர்கள் எழுதட்டும், நான் ஆசையாகப் படிப்பேன்.

வழக்கம்போல நானே அச்சடிக்கிறேன், கைப்பேசியில் படிக்க மின்நூலும் உண்டு.

ஒரு உதவி வேண்டும். உங்கள் அம்மாவோ பாட்டியோ மகரந்தம் தூவப் போயிருந்தால் கேட்டுச் சொல்லுங்கள்: மாவு எதில் வைத்திருந்தார்கள், சம்பளம் நாள் கணக்கா பூக் கணக்கா, மழை பெய்தால் அந்த நாள் கூலி உண்டா? நாலாவது அத்தியாயம் இதற்காகத்தான் காத்திருக்கிறது.