தண்ணிக் குடமும் இடுப்புப் பிடிப்பும்

போன மாதம் தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவுக்கு லாரித் தண்ணீர் வந்த அன்று இரண்டு குடத்தையும் ஒரே மூச்சில் மாடிக்குத் தூக்கினேன், மறுநாள் காலை குனிந்து செருப்புப் போட முடியவில்லை. எதிர்வீட்டு அக்கா பார்த்ததுமே "டிஸ்க் விலகிடுச்சு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார், அதாவது முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் தட்டு. முதுகுவலி என்றால் எங்கள் தெருவில் பாதிப் பேர் டாக்டர்தான்.

நிஜ டாக்டர் என்னைப் படுக்கவைத்து, முட்டியை மடக்காமல் காலை மெல்லத் தூக்கிப் பார்த்தார். வலி இடுப்பிலேயே நின்றது, காலுக்கு இறங்கவில்லை. தசைப்பிடிப்புதான் என்றார். டிஸ்க் நரம்பை அழுத்தினால் வலி பிட்டத்தில் தொடங்கி முட்டிக்குக் கீழே பாதம் வரை ஷாக் அடித்த மாதிரி ஓடும், கால் மரத்துப்போகும், இருமினாலும் தும்மினாலும் ரொம்ப நேரம் உட்கார்ந்தாலும் கூடும். அதுவும் பெரும்பாலும் ஆபரேஷன் இல்லாமலே சில வாரங்களில் அடங்கிவிடுமாம். ஆனால் சிறுநீர் போவதில் சிக்கல், தொடையிடுக்கில் மரமரப்பு, பாதத்தைத் தூக்க முடியாமை, இதில் ஒன்று வந்தாலும் அன்றே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

எனக்கு ஸ்கேன் எழுதவில்லை. வலியே இல்லாத பலருக்கும் எம்.ஆர்.ஐ.யில் டிஸ்க் பிதுக்கம் தெரியுமாம். வெந்நீர் ஒத்தடம், இரண்டு நாள் மாத்திரை, அப்புறம் படுத்தே கிடக்காமல் நடை: முதலில் தெருமுனை, பிறகு காசிமேடு வரை. மூன்றாவது வாரம் சரியாகிவிட்டது. இப்போது ஒவ்வொரு குடமாகத்தான், முட்டியை மடக்கித் தூக்குகிறேன். அக்கா இன்னும் டிஸ்க் என்றுதான் சொல்கிறார்.