கால் ஆடினால் ஆடட்டும்

எங்கள் தஞ்சாவூர்ப் பக்கம் உட்கார்ந்துகொண்டு காலை ஆட்டினால் தரித்திரம் பிடிக்கும் என்பார்கள். அப்படிப் பார்த்தால் எங்கள் வீடு எப்போதோ ஏலத்துக்குப் போயிருக்க வேண்டும். எனக்கு ஏடிஎச்டி (கவனம் ஓரிடத்தில் நிற்காமலும் உடம்பு சும்மா இராமலும் போகிற, மூளை வளர்ச்சி சார்ந்த ஒரு நிலை) என்று டாக்டர் சொன்னதே முப்பது தாண்டிய பிறகுதான், ஆனால் கால் ஆடுவதும் கை எதையாவது நோண்டுவதும் விவரம் தெரிந்த நாளிலிருந்தே இருக்கிறது.

கும்பகோணத்தில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வேலை. வரித் தணிக்கைக்கான செப்டம்பர் 30 கெடு நெருங்கும்போது நாள் முழுக்க பில்லும் லெட்ஜரும்தான், சலிப்பென்றால் அப்படி ஒரு சலிப்பு. மேசைக்கு அடியில் கால் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தால் எண்கள் ஒழுங்காகக் கண்ணில் விழும். யாராவது வருகிறார்களே என்று காலை அடக்கினேனோ, அடக்குவதிலேயே பாதிப் புத்தி போய்விடும், அப்புறம் ஒரே பில்லைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருப்பேன்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மனநல மருத்துவர்கள் பயன்படுத்தும் டிஎஸ்எம்-5 கையேட்டில் கை கால் சும்மா இராமல் இருப்பதும் ஏடிஎச்டியின் அறிகுறிகளில் ஒன்று. அதே அசைவு கவனத்துக்குத் துணை செய்யக்கூடும் என்கிறார்கள் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள். 2015-இல் ஏடிஎச்டி உள்ள சிறுவர்களை வைத்துப் பார்த்தார்கள், 2024-இல் பெரியவர்களின் மணிக்கட்டிலும் கணுக்காலிலும் அசைவை அளக்கும் கருவியைக் கட்டிவிட்டு, கவனத்தைச் சோதிக்கும் ஒரு வேலையைக் கொடுத்தார்கள். சரியாக விடை சொன்ன நேரங்களில்தான் அசைவு அதிகமாக இருந்ததாம். வேலை சப்பென்று இருக்கும்போது மூளையின் விழிப்பு கீழே இறங்குகிறது, உடம்பு அசைந்து அதைத் தூக்கிப் பிடிக்கிறது என்பது ஒரு விளக்கம். எனக்குச் சரியாகத்தான் படுகிறது.

ஆனால் எல்லா நோண்டலும் ஒன்றில்லை. எங்கள் அத்தை பூக் கட்டுவதைப் பார்க்க வேண்டும். வாழை நாரைத் தண்ணீரில் நனைத்து மடியில் போட்டுக்கொள்வார், இரண்டு மல்லிகை இந்தப் பக்கம், இரண்டு அந்தப் பக்கம், காம்போடு காம்பு சேர்த்து ஒரு சுற்று, விரலால் ஒரு இழுப்பு, முடிச்சு விழுந்துவிடும். கண் முழுக்க டிவி சீரியலில். ஒரு வசனம் தப்பாது. (அந்தக் கையோடுதான் என்னைப் பார்த்து "காலை ஆட்டாதம்மா" என்பார்.) கண்ணைக் கேட்காத அசைவுதான் உதவும். போனைத் தள்ளிக்கொண்டே இருப்பது அந்தக் கணக்கில் வராது, அது கண்ணையும் வாங்கி, படிக்கிற புத்தியையும் வாங்கிக்கொள்கிறது. 2017-இல் ஊரெல்லாம் சுற்றிய ஃபிட்ஜெட் ஸ்பின்னரும் (விரலில் வைத்துச் சுழற்றும் பொம்மை) எனக்குச் சரிப்படவில்லை, சுற்றுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் பையில் இப்போது இருப்பது ஒரு புளியங்கொட்டை. வழவழவென்று இருக்கும், சத்தம் கிடையாது, தொலைந்தாலும் கவலையில்லை.

கவனம் ஒரு பக்கம் இருக்கட்டும், எனக்குப் பெரிய உபகாரம் கோபத்தில்தான். ஏடிஎச்டி உள்ள பெரியவர்கள் பலருக்கு உணர்ச்சி சட்டென்று ஏறும், இறங்க நேரமாகும். வரி நோட்டீஸ் வந்த கோபத்தில் ஒருவர் ஆபீஸில் வந்து கத்தும்போது, மேசைக்கு அடியில் கட்டைவிரல் அந்தக் கொட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தால் வாயில் வந்த பதில் அங்கேயே நின்றுவிடுகிறது. கோபம் போகாது, கொஞ்சம் அவகாசம் கிடைக்கும், அவ்வளவுதான். வீட்டில் இது வேறு மாதிரி. கால் வேகம் ஏறினால் என் கணவருக்குத் தெரிந்துவிடும், "என்ன, ஆபீஸ்ல ஏதாவதா?" என்று கேட்பார். எனக்குக் கோபம் இருப்பதே அப்போதுதான் எனக்குத் தெரியும்.

நகத்தோரத்தைப் பிய்த்து ரத்தம் வர வைப்பது, முடியைப் பிடுங்குவது, இதையெல்லாம் இதோடு சேர்க்காதீர்கள். காயம் வருகிறது, நிறுத்த முடியவில்லை என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள், அதற்கென்று சிகிச்சை இருக்கிறது.

அப்புறம், பக்கத்து மேசைக்காரரையும் நினைக்க வேண்டும். நான் பேனாவை டிக் டிக் என்று அழுத்தினால் அவருக்குக் கணக்கு தப்புகிறது, அது அவர் பக்க நியாயம். பேனாவை விட்டுவிட்டேன். காலை விடுவதாக இல்லை, அதையும் அவரிடம் சொல்லிவிட்டேன்.