பனையில் கதண்டு, வேலியோரம் தேன்பெட்டி

ஐப்பசி பிறந்தால் தையல் மெஷினைத் திண்ணையின் தெற்கு மூலைக்கு நகர்த்திவிடுவேன். அங்கே உட்கார்ந்தால்தான் வேலியோரம் இருக்கும் மூன்று தேன்பெட்டிகளும் நேராகத் தெரியும். கால் பெடலில் இருக்கும், காது பெட்டியில் இருக்கும். தேனீயின் இரைச்சல் மெலிசு, நாள் முழுக்க ஒரே சுதியில் ஓடும். அதற்கு நடுவே தடித்த குரலில் 'ர்ர்ர்' என்று ஒன்று கேட்டால் கதண்டு, தேனீயைப் பிடிக்கும் பெரிய குளவி, வந்துவிட்டது என்று அர்த்தம். கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போவேன்.

எங்கள் ஊர் பேராவூரணிப் பக்கம். தென்னைதான் பிழைப்பு. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் அடித்த கஜா புயலில் கொல்லையில் இருந்த 22 மரங்களில் 15 சாய்ந்துவிட்டன. புதுக் கன்று நட்டுவிட்டு அது காய்க்கும்வரை என்ன செய்வது என்று இருந்தபோதுதான் தேனீப் பயிற்சிக்குப் போனேன். ஒரு நாள் பயிற்சி. 2020இல் முதல் பெட்டி வந்தது. நியூட்டன் பெட்டி என்பார்கள். நூறு வருஷத்துக்கு முன்னால் திருச்சியில் இருந்த நியூட்டன் என்ற பாதிரியார் நம் நாட்டு அடுக்குத் தேனீயின் உடம்பளவுக்கு ஏற்ப வடிவமைத்தது. கீழே புழு அறை, மேலே தேன் அறை, உள்ளே அடை கட்ட மரச்சட்டங்கள். முகத்துக்கு வலைத்தொப்பியை நானே கொசுவலைத் துணியில் தைத்துக்கொண்டேன். பெட்டிக்கு வீட்டு ஜன்னலுக்கு வாங்கி மிஞ்சிய நீலப் பெயின்ட்டை அடித்தேன். கால்களுக்குக் கீழே தண்ணீர்க் கிண்ணம், எறும்பு ஏறாமல் இருக்க.

எறும்பு, பல்லி, பஞ்சுருட்டான் குருவி எல்லாவற்றையும் பயிற்சியில் சொன்னார்கள். கதண்டையும் சொன்னார்கள். நான்தான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எங்கள் பக்கம் கதண்டு என்றால் எல்லோருக்கும் தெரியும். கரிய உடம்பு, இடுப்புக்குக் கீழே அகலமாக மஞ்சள் பட்டை, தேனீயைப்போல மூன்று மடங்கு பருமன். கன்னியாகுமரிப் பக்கத்து ஆட்கள் கடந்தை என்கிறார்கள். அது பெட்டிவாசலுக்கு எதிரே அந்தரத்தில் நிற்கும். வேலை முடிந்து மகரந்தச் சுமையோடு திரும்பும் ஈ தாழ்ந்து இறங்கும்போது சட்டென்று பாய்ந்து பிடித்துக்கொண்டு பக்கத்துக் கிளைக்குப் போய்விடும். ஒரு காலால் கிளையில் தொங்கிக்கொண்டே தலையைக் கடித்துப் போடும், சிறகைக் கடித்துப் போடும், காலைப் போடும். நடுமார்பை மட்டும் மென்று உருட்டி எடுத்துக்கொண்டு பறக்கும். அந்தக் கறி அதற்கு இல்லை, கூட்டில் இருக்கும் புழுக்களுக்கு. பெட்டிக்கு எதிரே உள்ள கருவேப்பிலை மரத்தடியில் தேனீச் சிறகுகள் வெங்காயச் சருகுபோல மினுங்கிக் கிடக்கும்.

ஒரு நாளைக்கு ஏழெட்டு ஈ போனால் என்ன என்று அந்த ஐப்பசியில் விட்டுவிட்டேன். ஏழெட்டு, இருபது ஆனது. ஈக்கள் வெளியே போகவே அஞ்சி வாசலில் அடைந்துகொண்டன. வரத்து நின்றது. ஒரு நாள் காலையில் மூடியைத் திறந்தால் அடை மட்டும் இருக்கிறது, உள்ளே ஒரு ஈ இல்லை. நம் நாட்டுத் தேனீ அப்படித்தான். தொந்தரவு பொறுக்க முடியாமல் போனால் ராணியோடு மொத்தமாகக் கிளம்பி வேறு பொந்து தேடிப் போய்விடும். வெறும் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு அன்றைக்கு நான் அழுதேன்.

அடுத்த வருஷம் இரண்டு பெட்டி வாங்கினேன், கூடவே ஒரு கொசு பேட்டும். காலையும் மாலையும் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று கதண்டை அடித்தேன். வெறி பிடித்த மாதிரி அடித்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். பக்கத்துக் கொல்லைப் பெரியப்பா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "ஏம்மா, அது கூடு எங்க இருக்குன்னு பாத்தியா? கூட்டப் பாக்காம ஈய அடிச்சிக்கிட்டு நின்னா எப்ப முடியும்?" என்றார். பிடித்த இரையோடு அது பறக்கும் திசையைப் பார்த்துக்கொண்டே நடந்தோம். குளத்தின் மேலக்கரையில், மூன்றாவது பனையின் மட்டைகளுக்கு நடுவே இருந்தது கூடு. கவிழ்த்த தண்ணீர்ப் பானையைப்போலப் பெரிசு. பழுப்பும் வெளுப்புமாக அலை அலையாய்க் கோடு, பக்கவாட்டில் ஒரே ஒரு ஓட்டை. அந்தக் கரையில் யாரும் நடப்பதில்லை.

மறுநாளும் பேட்டோடுதான் நின்றேன். அப்போதுதான் அதைப் பார்த்தேன். ஒரு கதண்டு பேராசையில், ஈக்கள் வந்து இறங்கும் வாசல் பலகையிலேயே இறங்கிவிட்டது. வாசலில் இருந்த ஈக்கள் ஒன்றாக வயிற்றை ஆட்டின, ஒரே நேரத்தில் 'உஸ்ஸ்' என்று ஒரு சத்தம், பட்டுத்துணியை நகத்தால் வேகமாக வருடினால் வருமே, அது மாதிரி. அடுத்த கணம் கதண்டைக் காணவில்லை. அது இருந்த இடத்தில் எலுமிச்சம்பழ அளவுக்கு ஈக்களின் உருண்டை. நான் குனிந்து பார்த்தேன். ஒரு ஈகூடக் கொடுக்கை நீட்டவில்லை. எல்லாம் ஒன்றோடு ஒன்று இறுக்கிக்கொண்டு அதிர்ந்துகொண்டிருந்தன. விரலைக் கிட்டத்தில் கொண்டுபோனால் இட்லிக் கொப்பரை மூடிக்குப் பக்கத்தில் கையை வைத்த மாதிரி சூடு தெரிந்தது. அரை மணி நேரத்துக்கும் மேலே ஆயிற்று. உருண்டை ஒவ்வொரு ஈயாகக் கழன்றது. நடுவில் கதண்டு செத்துக் கிடந்தது.

பிறகு தேடிப் படித்தேன். ஜப்பானில் மசாதோ ஓனோவும் அவரோடு வேலை செய்தவர்களும் 1995இலேயே இதை அளந்து எழுதியிருக்கிறார்கள். உருண்டைக்குள் சூடு 46, 47 டிகிரிக்கு ஏறுகிறது. அந்தச் சூட்டைக் கதண்டால் தாங்க முடியாது. தேனீ அதற்கும் இரண்டொரு டிகிரி கூடத் தாங்கும். அந்த இரண்டு டிகிரி இடைவெளியில்தான் ஒரு குடும்பமே பிழைக்கிறது. ஈக்கள் விடும் மூச்சுக் காற்றால் உள்ளே கரியமில வாயு சேர்வதும் கதண்டை முடிக்கிறதாம். வியட்நாமில் இதே அடுக்குத் தேனீ, கூட்டமாக வந்து தாக்கும் பெரிய கதண்டு வகைக்கு எதிராக மாட்டுச் சாணம் மாதிரியான விலங்குக் கழிவைக் கொண்டுவந்து வாசலைச் சுற்றி அப்பி வைக்கிறது என்று 2020இல் ஆய்வு வந்திருக்கிறது. வாசலில் சாணம் தெளிக்கிற ஊரில் பிறந்தவள் நான். அதைப் படித்தபோது உடம்பு சிலிர்த்தது.

அன்றையிலிருந்து நான் செய்வது வேறு. பெட்டிவாசலை மரக்கட்டை வைத்துச் சுருக்கிவிடுவேன், ஒரு நேரத்தில் ஒன்றிரண்டு ஈ மட்டும் போகும் சந்தாக. மழைக்காலத்தில் சர்க்கரைப் பாகு வைப்பேன். இளைத்த பெட்டி இருந்தால் தெம்பான பெட்டியோடு சேர்த்துவிடுவேன். ஆள் நிறைய இருந்தால்தான் உருண்டை பிடிக்க முடியும், பத்து ஈயால் சூடு கிளப்ப முடியாது. கதண்டு கூட்டமாக வரும் ஒன்றிரண்டு வாரம் மட்டும் பேட்டை எடுப்பேன். நசுக்க மாட்டேன். ஒருமுறை பெட்டிக்குப் பக்கத்தில் துடைப்பத்தால் ஒன்றை நசுக்கியபோது அந்த வாடைக்கு இன்னொன்று வந்து மணிக்கட்டில் கொட்டியது. சுடுகம்பியை வைத்து எடுத்த மாதிரி இருந்தது, மூன்று நாள் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை.

எல்லாக் கூட்டையும் விட்டுவைப்பேன் என்று சொல்லவில்லை. போன வருஷம் பள்ளிக்கூடம் போகும் வரப்பை ஒட்டிய ஒரு குட்டைத் தென்னையில், பிள்ளைகள் கல் எறிந்தால் எட்டும் உயரத்தில் கூடு கட்டியது. நானே முதலில் தீயணைப்பு நிலையத்துக்குச் சொன்னேன். இருட்டிய பிறகு, எல்லாம் கூட்டுக்குள் அடைந்திருக்கும் நேரத்தில் வந்து பந்தம் பிடித்து அழித்தார்கள். பார்க்கக் கஷ்டமாகத்தான் இருந்தது, ஆனால் அது எரிய வேண்டிய கூடு. கதண்டு கடித்து ஆள் இறந்த செய்தி எங்கள் பக்கம் அவ்வப்போது வருகிறது. தேனீயின் கொடுக்கில் முள் இருப்பதால் ஒரு தடவைதான் கொட்டும், கொடுக்கு நம் தோலிலேயே தங்கிவிடும். அதை நகத்தால் சுரண்டி உடனே எடுத்துவிட வேண்டும். கதண்டுக்கு முள் அப்படி மாட்டாது, ஒன்றே திரும்பத் திரும்பக் கொட்டும். எங்கள் வீட்டில் முன்பு சுண்ணாம்பு தடவுவோம். இப்போது சோப்புப் போட்டுக் கழுவி ஐஸ் வைக்கிறோம். முகம் வீங்கினாலோ, மூச்சு இழுத்தாலோ, தலை சுற்றினாலோ, ஒன்றே கொட்டியிருந்தாலும் 108தான். நிறையக் கொட்டியிருந்தால் நன்றாக இருப்பதுபோலத் தெரிந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். விஷம் ஏறிச் சிறுநீரகம் கெட்டுப்போக ஒன்றிரண்டு நாள்கூட ஆகலாம். சிறுநீர் கறுத்துப் போவது அதற்கு அடையாளம். இதை மட்டும் படிக்கிறவர்கள் யாரும் லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

குளவிகள் கதை வேறு. திண்ணைக் கம்பியில் சின்னக் காகிதக் குளவிகள் கூடு வைத்திருக்கின்றன, மூடியில்லாமல், தாமரைக் காயைக் கவிழ்த்த மாதிரி. கத்தரிச் செடியில் இருந்து புழுவைப் பிடித்து வந்து உருட்டுவதைத் தையலுக்கு நடுவே பார்த்துக்கொண்டிருப்பேன். நான் எழுந்தால் சிறகைத் தூக்கும், உட்கார்ந்தால் இறக்கிவிடும். இந்தக் குளவிகளில் ஒரு வகையையே பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் ராகவேந்திர கடக்கர் பல பத்து வருஷமாக உட்கார்ந்து ஆராய்ந்திருக்கிறார் என்று தெரிந்தபோது, நான் பார்த்துக்கொண்டிருப்பது வெட்டிவேலை இல்லை என்று நிம்மதியாக இருந்தது.

மண்குளவிதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. வீட்டில் அது கூடு கட்டினால் பிள்ளை பிறக்கும் என்பார் என் அத்தை, உடைக்கவே விடமாட்டார். ஒருமுறை பச்சை நூல்கண்டின் நடு ஓட்டையை ஒரு குளவி மண்ணால் அடைத்துவிட்டது. அவசரத் தையல், அந்த நூல்தான் வேண்டும். ஊசியால் மண்ணைக் குத்தி எடுத்தேன். உள்ளே ஐந்து பச்சைப் புழு வரிசையாக அடுக்கியிருந்தது. தொட்டால் ஒன்று லேசாக நெளிந்தது. சாகவில்லை, மயக்கத்தில் கிடந்தது. கடைசியில், அரிசி நொய் அளவுக்கு வெள்ளையாக ஒரு முட்டை. குளவி கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும் என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறோமே, அவர்கள் பார்த்தது இதைத்தான். புழு உள்ளே போனதையும் குளவி வெளியே வந்ததையும் பார்த்திருக்கிறார்கள். நடுவில் இருந்த முட்டை கண்ணில் படவில்லை. நூல்கண்டைத் திரும்ப மூடி அலமாரியில் வைத்தேன். அந்த ரவிக்கையை வேறு கடையில் நூல் வாங்கித் தைத்துக் கொடுத்தேன்.

இப்போது மூன்று பெட்டி. வருஷத்துக்குப் பெட்டிக்கு மூன்று, நான்கு கிலோ தேன் எடுக்கிறேன். மேலக்கரைப் பனைக்கூட்டை நாங்கள் யாரும் தொடவில்லை. போன தை மாதம் போனபோது அதில் நடமாட்டமே இல்லை. காற்றில் ஒரு துண்டு பிய்ந்து பனையடியில் விழுந்து கிடந்தது. எடுத்து வந்து மெஷின் மேசையில் வைத்திருக்கிறேன். அப்பளத்தைவிட மெலிசு. கதண்டு மரத்தைச் சுரண்டி, எச்சிலில் குழைத்து, ஒவ்வொரு சுமையாகக் கொண்டுவந்து பூசுகிற காகிதம் அது. ஒவ்வொரு சுமையும் எந்த மரத்தில் எடுத்ததோ அந்த நிறத்தில் ஒரு கோடாக நிற்கிறது. தென்னை மட்டைப் பழுப்பு, வேலிக் கம்பின் சாம்பல், கருவேலப் பட்டையின் கறுப்பு. நடுவில் ஒரே ஒரு கோடு, விரல்நக அகலம்கூட இல்லை, வெளிறிய நீலம். பெட்டிப் பக்கம் போய்ப் பார்த்தேன். முதல் பெட்டியின் பின்பலகையில், வெயிலில் பெயின்ட் பொரிந்த இடத்தில், சின்னச் சின்னதாகச் சுரண்டிய தடம் இருந்தது.