பம்பருக்கு ஆளிச்செடி நார்

கார் பாகம் செய்யும் ஃபைபர் கிளாஸை (கண்ணாடி நார்) தேய்த்த அன்று எத்தனை முறை குளித்தாலும் கையில் அரிப்பு போகாது. அதனால் இப்போது சிங்கப்பூர் காக்கி புக்கிட் பட்டறையில் ஆளிச்செடி நார்த்துணியில் ஒரு பம்பர் லிப் (பம்பரின் கீழ் விளிம்பில் பொருத்தும் துண்டு) போட்டுப் பார்க்கிறோம். நாங்கள் ஒன்றும் முன்னோடி இல்லை. போர்ஷே 2019-லேயே 718 கேமன் ஜிடி4 கிளப்ஸ்போர்ட் ரேஸ் காருக்குக் கதவும் பின் இறக்கையும் இயற்கை நாரில் செய்துவிட்டது.

இங்கே தொல்லை ஈரம்தான். துணி காற்றிலிருந்தே தண்ணீர் குடிக்கும். ஓவனில் உலர்த்தி, மறுபடி ஈரம் ஏறுவதற்குள் எபாக்சி ரெசின் (துணியில் ஊறி இறுகும் பிசின்) பூசாவிட்டால் உள்ளே குமிழ் குமிழாக நிற்கும். ரெசினும் கூடுதலாக இழுக்கிறது. ஆனால் தேய்க்கும்போது அரிப்பு இல்லை, அதுவே பெரிய நிம்மதி! (முகக்கவசம் மட்டும் கழற்றாதீர்கள், தூசி தூசிதான்.)

அடுத்து பசால்ட், எரிமலைப் பாறையை உருக்கி இழுத்த நார். எக்ஸாஸ்ட் பக்கம் நார் சூடு தாங்கும். ரெசின் தாங்குமா, பார்க்கணும்.