டெட்ராய்ட் காட்டிய வழி

அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்து லீகில் ஆடும் டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் அணி, 2023-24 சீசனில் 82 ஆட்டங்களில் வென்றது 14 மட்டும். அதில் தொடர்ச்சியாக 28 தோல்விகள் வேறு. அடுத்த சீசனிலேயே 44 வெற்றி, பட்டத்துக்கான பிளேஆஃப் சுற்றிலும் இடம்! இடையில் இருந்த அந்தக் கோடையைத்தான் என்.பி.ஏ.வில் தடுமாறும் ஒவ்வொரு அணியும் படிக்க வேண்டும்.

பெரிய நட்சத்திரம் யாரும் புதிதாக வரவில்லை. அணியின் முன்னணி வீரர் கேட் கன்னிங்ஹம் ஏற்கெனவே இருந்தார். ஆனால் அவர் உள்ளே புகுந்து எதிரணி ஆட்களைத் தன் பக்கம் இழுத்துப் பந்தை வெளியே கொடுத்தால், நம்பி எறிய ஆள் குறைவு. அணி நிர்வாகத்தின் தலைவராகப் புதிதாகப் பொறுப்பேற்ற டிராஜன் லாங்டன் அந்த ஓட்டையைத்தான் அடைத்தார். டோபியாஸ் ஹாரிஸ், மாலிக் பீஸ்லி, டிம் ஹார்டவே ஜூனியர் என எல்லாரும் தூரத்திலிருந்து எறியத் தெரிந்த அனுபவசாலிகள். பீஸ்லி ஒருவரே அந்த சீசனில் 319 முறை தூரத்திலிருந்து எறிந்து மூன்று புள்ளிக் கூடை போட்டார். அப்புறம் கோச்சையும் மாற்றினார்கள்.

டிராஃப்ட் என்பது அணிகள் புதிய இளம் வீரர்களை வரிசைப்படி தேர்வு செய்வது; அதில் யாருக்கு முதல் தேர்வு என்பதைக் குலுக்கல் முடிவு செய்யும், அதிகம் தோற்ற அணிகளுக்கு வாய்ப்பு கூடுதல். அந்த டிராஃப்டை மட்டும் நம்பித் தோற்றுக்கொண்டே இருப்பது எனக்குச் சம்மதமில்லை. 2025-ல் 17 வெற்றியோடு கடைசியில் கிடந்த யூட்டா ஜாஸுக்குக் கிடைத்தது ஐந்தாவது தேர்வு. வெறும் 1.8 சதவீத வாய்ப்பு இருந்த டல்லாஸ் முதல் தேர்வைத் தட்டிச் சென்றது. குலுக்கலை நம்பி ஒரு சீசனையே விட்டுக்கொடுப்பது, காசு கொடுத்து அரங்குக்கு வரும் ரசிகனுக்குச் செய்கிற அநியாயம். இளம் வீரர்களுக்கும் தோல்வி பழகிப்போய்விடும்.